எம்.பி.யின் பதிவேட்டை எப்படிப் படிப்பது?

தேர்தல் நெருங்கும்போது ஒரு வகைப் பிரசுரம் கட்டாயம் கைக்கு வரும். "நம் எம்.பி. ஐந்தாண்டில் இத்தனை கேள்விகள் கேட்டார், இத்தனை விவாதங்களில் பேசினார், வருகை இத்தனை சதவீதம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதே வாரத்தில் எதிரணி ஆட்கள் இன்னொரு படத்தை அனுப்புவார்கள். அதில் அதே எம்.பி. தொகுதி நிதியில் பாதியைக்கூடச் செலவழிக்கவில்லை என்று இருக்கும். பெரும்பாலும் இரண்டு பக்கமும் சொல்லும் எண்கள் சரியாகவே இருக்கும். ஆனால் அவற்றை வைத்து அந்த மனிதர் டெல்லியில் என்ன செய்தார் என்று கண்டுபிடிக்க முடியாது.

ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் செய்யும் வேலையில் பெரும்பகுதி எழுத்தில் பதிவாகிறது. அவர் கேட்ட கேள்வி, அமைச்சர் சொன்ன பதில், பேசிய பேச்சு, கொண்டுவந்த மசோதா, பரிந்துரைத்த பணிகள், காட்டிய சொத்துக் கணக்கு எல்லாமே பொதுவில் கிடைக்கின்றன. கேள்வி பதில்களும் விவாதங்களும் நாடாளுமன்றத்தின் 'சன்சத்' இணையதளத்தில் உறுப்பினர் பெயர்வாரியாகவே இருக்கின்றன. பி.ஆர்.எஸ் என்ற ஆய்வு அமைப்பு இவற்றைத் தொகுத்துத் தருகிறது. பிரச்சினை எண்ணிக்கை என்ற வடிவத்தில்தான். 400 கேள்வி கேட்டவர் 40 கேள்வி கேட்டவரைவிடப் பத்து மடங்கு உழைத்தார் என்று பொருளில்லை. எந்தப் பதிவு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொண்டால் போதும், மற்றதை நீங்களே படித்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு எல்லை போட்டுவிடுவோம். தெருவிளக்கு, சாக்கடை, ரேஷன் கடை ஆகியவை எம்.பி.யின் அதிகாரத்துக்குள் வருவதில்லை. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை வேலைகளை ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என மூன்றாகப் பிரித்திருக்கிறது. ரயில், தேசிய நெடுஞ்சாலை, துறைமுகம், வங்கி, பாதுகாப்பு, வெளியுறவு போன்றவை ஒன்றியத்தின் கையில் இருக்கின்றன. மாநில அரசின் பொறுப்பில் உள்ள விஷயத்தைப் பற்றி ஒன்றிய அமைச்சரிடம் கேள்வி அனுப்பினால் அது அனுமதிக்கப்படுவதே சிரமம். அதனால் "எங்க தெருவுக்கு எம்.பி. என்ன செஞ்சார்" என்ற கேள்வியை வைத்துக்கொண்டு இந்தப் பதிவேட்டைத் திறந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். "எங்கள் ஊர் ரயில் பாதை பற்றி எத்தனை முறை கேட்டார், என்ன பதில் வந்தது" என்று தேடினால் ஏதாவது அகப்படும்.

வருகை

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். உறுப்பினர்கள் அவைக்கு வந்ததும் வருகையைப் பதிவு செய்கிறார்கள். அன்றைய தினப்படி அந்தப் பதிவை ஒட்டித்தான் கிடைக்கிறது. பதிந்துவிட்டுப் பத்து நிமிடத்தில் கிளம்பினாலும் வருகை வருகைதான். கல்யாண வீட்டு மொய் நோட்டில் வந்தவர் பெயர் இருக்கும், பந்தியில் உட்கார்ந்தாரா என்பது இருக்காது. அந்த மாதிரிதான் இதுவும். அமளியால் நாள் முழுக்க அவை ஒத்திவைக்கப்பட்டாலும் பதிந்தவருக்கு வருகை உண்டு. அமைச்சர்களும் எதிர்க்கட்சித் தலைவரும் கையெழுத்துப் போடத் தேவையில்லை என்பதால் அவர்கள் பெயருக்கு நேரே எதுவும் இருக்காது. அதைப் பார்த்து "அமைச்சர் ஒரு நாள்கூட வரவில்லை" என்று பதிவு போடுபவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் முளைக்கிறார்கள்.

வருகை மிகக் குறைவாக இருந்தால் அதற்கு மட்டும் பொருளுண்டு. அனுமதி இல்லாமல் 60 நாட்கள் தொடர்ந்து வராத உறுப்பினரின் இடம் காலியானதாக அவை அறிவிக்கலாம் என்று அரசியலமைப்பின் 101ஆவது பிரிவு சொல்கிறது. மற்றபடி 85 சதவீதத்துக்கும் 95 சதவீதத்துக்கும் நடுவே வித்தியாசம் தேடுவது வீண். அவையே எத்தனை நாள் கூடியது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 1952இல் அமைந்த முதல் மக்களவை 677 நாட்கள் கூடியது. 2019 முதல் 2024 வரை இருந்த 17ஆவது மக்களவை கூடியது 274 நாட்கள். நூறு சதவீத வருகை என்றாலும் ஆண்டுக்குச் சராசரியாக 55 நாட்கள் வேலை, அவ்வளவுதான்.

கேள்விதான் முக்கிய ஆயுதம்

ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ, அமைச்சராக இல்லாத ஒரு சாதாரண எம்.பி.க்கு அரசை வாய் திறக்க வைக்கும் கருவி கேள்விதான். மக்களவையில் கேள்வி நேரம் காலை 11 மணிக்கு. மாநிலங்களவையில் 2014 முதல் பகல் 12 மணிக்கு.

கேள்விகளில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். பதில் மழுப்பலாக இருந்தால் உறுப்பினர் அங்கேயே துணைக் கேள்வி கேட்டு மடக்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு 20, மாநிலங்களவையில் 15 கேள்விகளுக்குத்தான் இந்த நட்சத்திரம் கிடைக்கும். யாருக்குக் கிடைக்கும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. அந்த 20-லும் எல்லாவற்றுக்கும் நேரம் போதுவதில்லை. பட்டியலில் கீழே இருப்பவை எழுத்துப் பதிலோடு நின்றுவிடும். நட்சத்திரக் குறியிடாத கேள்விக்கு எழுத்துப் பதில் மட்டுமே. மக்களவையில் நாளொன்றுக்கு 230, மாநிலங்களவையில் 160 வரை இவை வரும்.

ஆக, "இவர் நட்சத்திரக் கேள்வி குறைவாகத்தான் கேட்டிருக்கிறார்" என்பது பாதிக்குப் பாதி அதிர்ஷ்டக் கணக்கு. எழுத்துக் கேள்விகளின் எண்ணிக்கையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரே விஷயத்தைப் பல உறுப்பினர்கள் கேட்டால் அவற்றை ஒரே கேள்வியாகச் சேர்த்து எல்லோர் பெயரையும் போட்டுவிடுவார்கள். ஒரே கட்சிக்காரர்கள் ஐந்தாறு பேர் ஒரே கேள்வியை அனுப்பினால் ஐந்தாறு பேர் கணக்கிலும் அது ஏறும். உதவியாளர்கள் உட்கார்ந்து மொத்தமாகத் தயாரிக்கும் கேள்விகளும் ஏராளம். "நாட்டில் எத்தனை குளிர்பதனக் கிடங்குகள் உள்ளன, மாநிலவாரியாக விவரம் தருக" என்ற மாதிரிக் கேள்விகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அவற்றால் பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். அரசின் எத்தனையோ புள்ளிவிவரங்கள் அந்த மாதிரிப் பதில்களின் இணைப்பில்தான் முதன்முதலாக வெளியே வருகின்றன. பத்திரிகையாளர்கள் அவற்றை வைத்தே பிழைக்கிறார்கள். ஆனால் அந்த உறுப்பினருக்கு அந்த விஷயத்தில் அக்கறை இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? ஒரே விஷயத்தில் கேள்விகள் தொடர்கின்றனவா என்று பாருங்கள். முதல் கேள்வி விவரம் கேட்கிறது. அடுத்த கூட்டத்தொடரில் வரும் கேள்வி முந்தைய பதிலில் இருந்த ஓட்டையைப் பிடிக்கிறது. அதற்கடுத்தது காலக்கெடு கேட்கிறது. இப்படி ஒரு நூல் ஓடினால் அந்த எம்.பி. அந்த விஷயத்தைக் கையில் எடுத்திருக்கிறார் என்று நம்பலாம்.

இதற்கு நம் நாடாளுமன்ற வரலாற்றிலேயே சிறந்த எடுத்துக்காட்டு முந்த்ரா விவகாரம். ஆயுள் காப்பீட்டுத் தொழில் 1956இல் நாட்டுடைமை ஆகி எல்.ஐ.சி. பிறந்தது. அடுத்த ஆண்டே அது ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. நொடித்துக்கொண்டிருந்த நிறுவனங்கள் அவை. 1957 செப்டம்பரில் மக்களவையில் கேட்கப்பட்ட ஒரு கேள்விக்கு அரசு பட்டும் படாமலும் பதில் சொன்னது. விஷயம் அதோடு ஓயவில்லை. டிசம்பரில் பெரோஸ் காந்தி ஆதாரங்களோடு எழுந்து பேசினார். அவர் பிரதமர் நேருவின் மருமகன், அதே காங்கிரஸ் கட்சியின் உறுப்பினர். நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது, பம்பாயில் மக்கள் முன்னிலையில் விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். செப்டம்பரில் கேட்ட கேள்வியை மட்டும் எண்ணியிருந்தால் அது பட்டியலில் இன்னொரு 'ஒன்று', அவ்வளவே.

கேள்விக்கு இருக்கும் மதிப்பு தெரிந்ததால்தான் அதை விலைக்கு வாங்கவும் ஆட்கள் வந்தார்கள். பம்பாய் தங்கம், வெள்ளி வணிகர் சங்கத்திடம் பணம் பெற்று அவர்களுக்காகக் கேள்வி கேட்டார் என்று எச்.ஜி. முட்கல் மீது 1951இல் நேருவே தீர்மானம் கொண்டுவந்தார். 2005 டிசம்பரில் ரகசியக் கேமராவில் சிக்கிய 11 உறுப்பினர்கள் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். 10 பேர் மக்களவை, ஒருவர் மாநிலங்களவை. எனவே ஒரு எம்.பி.யின் கேள்விகள் தொகுதிக்கும் அவர் பேசும் கொள்கைக்கும் சம்பந்தமே இல்லாமல் ஒரே தொழில், ஒரே நிறுவனத்தைச் சுற்றி வந்தால் அதையும் கவனிக்கத்தான் வேண்டும். அதுவே குற்றத்துக்குச் சான்று ஆகிவிடாது, ஆனாலும் ஏன் என்று கேட்கலாம்.

பதிலையும் படியுங்கள். "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் முன் வைக்கப்படும்" என்று அமைச்சர் சொன்னால் அது காற்றில் கரைந்துவிடும் வாக்கியம் அல்ல. அதை அவைக்குக் கொடுத்த உறுதிமொழியாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். இதைக் கண்காணிக்கவே இரண்டு அவைகளிலும் அரசு உறுதிமொழிகள் குழு என்று தனியாக ஒன்று இருக்கிறது. நல்ல எம்.பி.க்கு இது தெரியும். நிலுவையில் உள்ள உறுதிமொழியைப் பிடித்துக்கொண்டு அமைச்சகத்தைத் துரத்துவார்.

பேச்சு, அப்புறம் பேச்சைப் போல இருப்பவை

விவாதங்களில் பேசியது எழுத்துக்கு எழுத்து பதிவாகிறது. 1962இல் மாநிலங்களவைக்குப் போன அண்ணா அங்கே பேசிய கன்னிப்பேச்சை இன்றும் அவைக் குறிப்பில் எடுத்துப் படிக்கலாம். யூடியூபில் வரும் இரண்டு நிமிடத் துண்டுக்கும் அவைக் குறிப்பில் உள்ள முழுப் பேச்சுக்கும் நடுவே சில சமயம் மலையளவு தூரம் இருக்கும். துண்டில் கர்ஜனை மட்டும் இருக்கும். முழுப் பேச்சில் மசோதாவின் எந்தப் பிரிவை எதிர்த்தார், என்ன திருத்தம் கேட்டார், குறுக்கே வந்த கேள்விக்கு என்ன சொன்னார் என்பது இருக்கும்.

அவைக் குறிப்பில் ஒரு பேச்சின் பக்கத்தில் நட்சத்திரக் குறி கண்டால் அடிக்குறிப்பைப் பாருங்கள். "முதலில் தமிழில் பேசியதன் ஆங்கில மொழிபெயர்ப்பு" என்று இருக்கலாம். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் பேச உறுப்பினருக்கு வசதி உண்டு. அல்லது "பேச்சு அவையின் மேசையில் வைக்கப்பட்டது" என்று இருக்கலாம். அதாவது நேரம் கிடைக்காததால் எழுதி வந்ததை ஒப்படைத்துவிட்டார், அவையில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. பட்ஜெட் விவாதங்களில் இது சாதாரணம். கணக்கில் மட்டும் அதுவும் பங்கேற்பாகச் சேர்ந்துவிடும். மூன்றாவதாக, அவைத் தலைவர் உத்தரவால் சொற்கள் நீக்கப்பட்டிருந்தால் அந்த இடத்திலும் நட்சத்திரங்கள்தான் நிற்கும்.

மக்களவையில் கேள்வி நேரத்துக்குப் பின்னும் மாநிலங்களவையில் அதற்கு முன்னும் வரும் பூஜ்ஜிய நேரத்தில் உறுப்பினர்கள் அவசரப் பிரச்சினைகளை ஓரிரு நிமிடம் எழுப்புவார்கள். தொகுதிக் கோரிக்கைகள் அதிகம் வருவது இங்கேயும் மக்களவையின் 377ஆவது விதியின் கீழும்தான். மாநிலங்களவையில் அதற்கு இணையானது சிறப்புக் குறிப்பு. இங்கே அமைச்சர் அப்போதே எழுந்து பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் "நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்தார்" என்று செய்தி வந்தால், குரல் கொடுத்ததும் பதில் வாங்கியதும் வேறு வேறு என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாக்குப் பதிவு ஏன் அதிகம் உதவாது?

அமெரிக்காவில் ஒரு செனட்டரைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் முதலில் தேடுவது அவர் எதற்கு ஆதரவாக வாக்களித்தார், எதற்கு எதிராக வாக்களித்தார் என்ற பட்டியலை. நம் ஊரில் அந்தப் பட்டியலால் பெரிய பிரயோசனம் இல்லை. 1985இல் 52ஆவது திருத்தத்தின் மூலம் கட்சித் தாவல் தடைச் சட்டம் பத்தாவது அட்டவணையாகச் சேர்ந்தது. கட்சிக் கொறடா உத்தரவு போட்ட பிறகு அதை மீறி வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றாலோ பதவியே போகலாம். ஆகவே ஒரு எம்.பி. எப்படி வாக்களித்தார் என்பது பெரும்பாலும் அவருடைய கட்சி என்ன நினைத்தது என்பதைத்தான் காட்டும்.

இன்னொன்று, பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. "ஆம்" என்போர் அதிகம் என்று அவைத் தலைவர் அறிவித்தால் முடிந்தது, யார் எந்தப் பக்கம் என்று பெயர் பதிவாகாது. எண்ணி வாக்கெடுக்கும்படி ஒரு உறுப்பினர் கேட்டால்தான் கணக்கு வரும். 2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்களின் மீது மாநிலங்களவையில் எண்ணி வாக்கெடுக்கக் கேட்டும் குரல் வாக்கிலேயே நிறைவேற்றிவிட்டார்கள் என்று எதிர்க்கட்சிகள் கொந்தளித்தன. மறுநாள் 8 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவ்வளவு பெரிய சட்டத்துக்கும் பெயர்வாரியான வாக்குப் பதிவு இல்லாமல் போனது. அரசியலமைப்புத் திருத்தம் என்றால் சிறப்புப் பெரும்பான்மை தேவை என்பதால் எண்ணியே ஆக வேண்டும். 2023 செப்டம்பரில் மகளிர் இட ஒதுக்கீட்டுக்கான திருத்தத்துக்கு மக்களவையில் 454 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு என்று துல்லியமாகத் தெரிவது அதனால்தான்.

கொறடா உத்தரவு வாக்கைத்தான் கட்டிப்போடும். ஒரு உறுப்பினர் என்ன கேள்வி அனுப்ப வேண்டும், எந்தத் தனிநபர் மசோதாவை எழுத வேண்டும் என்று பத்தாவது அட்டவணை எதுவும் சொல்வதில்லை. ஒருவரின் சொந்த முகம் தெரிய வேண்டுமென்றால் அங்கேதான் தேட வேண்டும்.

தோற்ற மசோதாக்களின் பயன்

அமைச்சராக இல்லாத எந்த உறுப்பினரும் மசோதா கொண்டுவரலாம். அதுதான் தனிநபர் மசோதா. வெள்ளிக்கிழமை பிற்பகலில் இரண்டரை மணி நேரம் இதற்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். ஊருக்குப் போக விமானத்தைப் பிடிக்கும் நேரம் அது என்பதால் இருக்கைகள் பல காலியாகவே கிடக்கும். சுதந்திரத்துக்குப் பிறகு இதுவரை 14 தனிநபர் மசோதாக்களே சட்டமாகியிருக்கின்றன. கடைசியாக ஆனது 1970இல்.

அந்த 14-இல் ஒன்று நம் தலைப்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. 1950களில் நாடாளுமன்றத்தில் ஒருவர் பேசியதை அப்படியே அச்சிட்ட பத்திரிகை மீது அவதூறு வழக்குப் போட முடிந்தது. பேசிய உறுப்பினருக்கு அரசியலமைப்பின் 105ஆவது பிரிவு பாதுகாப்புக் கொடுத்தது, அச்சிட்டவருக்குக் கொடுக்கவில்லை. அவை நடவடிக்கைகளை உண்மையாக வெளியிடுபவர்களைப் பாதுகாக்கும் மசோதாவைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து 1956இல் சட்டமாக்கியவர் மேலே சொன்ன அதே பெரோஸ் காந்தி. அவருடைய மனைவி இந்திரா பிரதமராக இருந்த நெருக்கடி நிலைக் காலத்தில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது, 1977இல் திரும்ப வந்தது. 1978இன் 44ஆவது திருத்தம் அதை 361ஏ பிரிவாக அரசியலமைப்பிலேயே சேர்த்துவிட்டது.

சட்டமாகாத மசோதாக்களுக்குப் பயன் இல்லையா என்று கேட்டால், திருச்சி சிவாவின் மசோதாவைக் காட்டலாம். திருநங்கையர் நல வாரியத்தை இந்தியாவிலேயே முதலில் 2008இல் அமைத்தது தமிழ்நாடு. மூன்றாம் பாலினத்தவரின் உரிமைகளை அங்கீகரித்து 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு இறுதியில் தி.மு.க. உறுப்பினர் சிவா மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவை அறிமுகப்படுத்தினார். கல்வியிலும் வேலையிலும் இட ஒதுக்கீடு, தேசிய அளவிலும் மாநில அளவிலும் ஆணையங்கள், தனி நீதிமன்றங்கள் எல்லாம் அதில் இருந்தன. அரசே முழுமையான சட்டம் கொண்டுவரும், இதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று அமைச்சர் கேட்டார். வழக்கமாகத் தனிநபர் மசோதாவின் கதை அந்த வேண்டுகோளோடு முடிந்துவிடும். சிவா இணங்கவில்லை. 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை அதை ஒருமனதாக நிறைவேற்றியது. பல பத்தாண்டுகளாக நடக்காத ஒன்று அது.

மக்களவையில் அது நிறைவேறவில்லை. அரசு 2016இல் தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்தது, பல திருப்பங்களுக்குப் பின் 2019இல் சட்டமானது. சிவாவின் மசோதாவில் இருந்த இட ஒதுக்கீடு அதில் இல்லை. பாலின அடையாளத்துக்கு மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பதையும், குற்றங்களுக்கான தண்டனை குறைவு என்பதையும் திருநர் அமைப்புகள் எதிர்த்தன. 2019 நவம்பரில் மாநிலங்களவையில் அது வந்தபோது அதை ஆராய உறுப்பினர்கள் அடங்கிய தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தவரும் சிவாதான். தீர்மானம் தோற்றது.

பதிவேட்டில் இதெல்லாம் "தனிநபர் மசோதா: 1" என்று நிற்கும். ஒரு சட்டம் எங்கிருந்து கிளம்பி எங்கே போய்ச் சேர்ந்தது, வழியில் எது கழன்று விழுந்தது என்பதை இரண்டு மசோதாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் தெரியும். தலைப்பு மட்டும் பரபரப்பாக இருந்து, உள்ளே ஒன்றரைப் பக்கம் மட்டும் எழுதப்பட்ட தனிநபர் மசோதாக்களும் நிறைய உண்டு. அவை பேட்டி கொடுப்பதற்காகப் பிறந்தவை.

கதவு மூடிய அறையில்

மசோதாக்களையும் அமைச்சகங்களின் வேலையையும் உறுப்பினர்கள் உட்கார்ந்து ஆராயும் துறைவாரியான நிலைக்குழுக்கள் 24 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். கேமரா இல்லாததாலோ என்னவோ, அங்கே கட்சிச் சண்டை குறைவு, அதிகாரிகளைத் துருவிக் கேட்பது அதிகம் என்று முன்னாள் உறுப்பினர்கள் பலர் சொல்வதுண்டு. கூட்டங்கள் ரகசியம், அறிக்கை பொது. ஒரு எம்.பி. குழுவில் என்ன கேட்டார் என்பதை நாம் அறிய வழி குறைவு. ஆனால் அறிக்கையின் பின்னிணைப்பில் எந்தக் கூட்டத்துக்கு யார் வந்தார்கள் என்று இருக்கும். மாற்றுக் கருத்து எழுதியிருந்தால் அதுவும் கையெழுத்தோடு இருக்கும். அந்த மாற்றுக் கருத்துக் குறிப்புகளைத் தேடிப் படியுங்கள். பேச்சைவிட நிதானமாக யோசித்து எழுதியவை அவை.

மசோதாக்கள் குழுவுக்குப் போவதே குறைந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 15ஆவது மக்களவைக் காலத்தில் பத்தில் ஏழு மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17ஆவது மக்களவைக் காலத்தில் பத்துக்கு இரண்டுகூட இல்லை.

தொகுதி நிதி, சொத்துக் கணக்கு

எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி 1993 டிசம்பரில் தொடங்கியது. 2011-12 முதல் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். பலர் நினைப்பதுபோல் இந்தப் பணம் எம்.பி.யின் கைக்கு வருவதில்லை. அவர் பணிகளைப் பரிந்துரைப்பார், மதிப்பீடு போட்டு ஒப்புதல் கொடுத்து நிறைவேற்றுவது மாவட்ட நிர்வாகம். பணம் செலவாகாமல் கிடந்தால் பரிந்துரை தாமதமா, ஆட்சியர் அலுவலகத்தில் தாமதமா என்று பார்க்காமல் பழி போட முடியாது. கொரோனா காரணமாக 2020 ஏப்ரலில் நிறுத்திய நிதியை 2021 நவம்பரில்தான் மறுபடி கொடுக்கத் தொடங்கினார்கள். 17ஆவது மக்களவை உறுப்பினர்களின் செலவு குறைவாகத் தெரிய அதுவும் ஒரு காரணம்.

சதவீதத்தைவிடப் பணிகளின் பட்டியல் சுவாரசியமானது. குடிநீர்த் தொட்டி, வகுப்பறை, சமுதாயக் கூடம், உயர்கோபுர மின்விளக்கு என்று ஊர் ஊராக இருக்கும். எந்த ஊராட்சி ஒன்றியத்துக்கு அள்ளிக் கொடுத்தார், எதைத் தொடவே இல்லை என்று ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். மாநிலங்களவை உறுப்பினருக்குத் தொகுதி கிடையாது. தேர்ந்தெடுத்த மாநிலத்தின் எந்த மாவட்டத்திலும் அவர் செலவிடலாம்.

வேட்புமனுவோடு கொடுக்கும் பிரமாணப் பத்திரம் 2002, 2003இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் கிடைத்த ஆவணம். சொத்து, கடன், கல்வி, குற்ற வழக்குகள் அதில் இருக்கும். இரண்டு தேர்தல்களின் பத்திரங்களை ஒப்பிடும்போது பழைய நிலத்தின் சந்தை விலை ஏறியதா, புதிதாக வாங்கினாரா என்று பிரித்துப் பாருங்கள். வழக்கு என்றால் சாலை மறியலும் வழக்குதான், கொலை முயற்சியும் வழக்குதான். எந்தப் பிரிவு, நீதிமன்றம் குற்றச்சாட்டைப் பதிவு செய்துவிட்டதா என்பதுதான் முக்கியம்.

அவைக்கு வெளியே

கோரிக்கைக்காக வாதாடுவது அவைக்குள் மட்டும் நடப்பதில்லை. அமைச்சரிடம் மனுவை நீட்டிக்கொண்டு நிற்கும் புகைப்படம் எல்லா எம்.பி.க்களிடமும் இருக்கும். அந்தப் புகைப்படத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று பாருங்கள். அதே விஷயத்தில் அவையில் கேள்வி போட்டிருக்கிறாரா? வந்த பதிலை வைத்து மறுபடி எழுதினாரா? ரயில் நிறுத்தம் கேட்ட மனுவுக்கு "ஆய்வில் உள்ளது" என்று அமைச்சகம் எழுதினால் அதை வெளியிட்டாரா, இல்லை மனு கொடுத்த படத்தோடு நிறுத்திக்கொண்டாரா?

யாரும் அதிகம் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. 'திஷா' என்று சுருக்கமாகச் சொல்லும் மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழு 2016இல் வந்தது. தலைவர் மக்களவை உறுப்பினர், மாவட்ட ஆட்சியர் உறுப்பினர் செயலர். கிராமப்புற வேலைத் திட்டம், கிராமச் சாலை, வீடு கட்டும் திட்டம் போன்ற ஒன்றியத் திட்டங்கள் மாவட்டத்தில் எப்படி நடக்கின்றன என்று அதிகாரிகளை உட்கார வைத்துக் கேட்கும் அதிகாரம் இந்தக் குழுவுக்கு உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். கூடியதா, நடவடிக்கைக் குறிப்பு என்ன சொல்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

உங்கள் எம்.பி.யின் பதிவை ஆராய்வதோடு நிற்காமல் அதில் ஒரு வரி சேர்க்கவும் முடியும். ஒவ்வொரு அமைச்சகமும் வாரத்தில் எந்த நாள் பதில் சொல்லும் என்ற அட்டவணை கூட்டத்தொடருக்கு முன்பே வந்துவிடுகிறது. கேள்விக்கான அறிவிப்பை அந்த நாளுக்குக் குறைந்தது 15 நாட்கள் முன்னதாக உறுப்பினர் கொடுத்திருக்க வேண்டும். ஆகவே கூட்டத்தொடர் நடுவில் போய்ச் சொன்னால் அடுத்த முறைதான். கூட்டத்தொடர் தொடங்கும் தேதியை அறிவித்த வாரத்திலேயே எழுதுங்கள். மனுவாக எழுதாமல் கேள்வியாகவே எழுதிக் கொடுங்கள்: எந்த அமைச்சகம், எந்தத் திட்டம், எந்த ஆண்டுக் கணக்கு, முன்பு என்ன பதில் சொன்னார்கள் என்று நான்கைந்து வரிக்குள். உதவியாளருக்கு வேலை மிச்சம் என்பதால் அப்படியே அனுப்பிவிடும் வாய்ப்பு அதிகம்.